கஸ்தானே: கண்டி நாட்டு வாட்பிடியின் வரலாறு

வாளைப் போர்க்கருவி என்ற அளவில் நோக்குவோர் அதன் அலகையே முதற்கண் ஆராய்வர். எஃகின் உரனும் கூர்மையும் வளைவுமே அவர்க்குச் சான்றாவன. இலங்கையில் வழங்கிய கஸ்தானே என்னும் வாளோ இவ்வாராய்ச்சி முறைக்கு அடங்குவதன்று. அதன் வரலாறு பிடியிலேயே பொறிக்கப்பட்டுளது. அலகு எந்நாட்டதாயினும், பிடியே அவ்வாளுக்கு உரிமையும் மதிப்பும் தந்தது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பு

கஸ்தானே குறுகிய வாள். அலகு சற்றே வளைந்து ஒருபுறம் கூருடையது. பிடியின் முடிவிலுள்ள குமிழ், வாய் திறந்த விலங்கின் தலையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதனைச் சிங்கம் என்பாரும், சிங்களக் கலைமரபிற் பயிலும் ‘செரபெந்தியா’ என்னும் கற்பனை உயிர் என்பாரும் உளர். விரல்களைக் காக்கும் வளைவும், அலகை நோக்கி வளைந்திறங்கும் சிறு கிளைகளும் மகரத் தலைகளில் முடிவன. இடைவெளிகளை நிரப்பும் கொடிப்பின்னலைச் சிங்களவர் ‘லியவெல’ என்பர். வெள்ளி, பொன், பித்தளை, தந்தம், கொம்பு முதலியன பிடிக்குரிய பொருள்கள். விலங்கின் கண்களிற் செம்மணி பதித்தலும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களின் மகர தோரணங்களைக் கண்டு பழகியோர்க்கு இவ்வுருவங்கள் புதியன அல்ல.

அலகும் பிடியும்

இனி, இவ்வாள்களை ஒப்புநோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. பல கஸ்தானேகளின் அலகுகள் ஐரோப்பாவில் வடிக்கப்பட்டவை. சிலவற்றில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரையே காணப்படுகின்றது. கைக்காப்பின் அமைப்பிலும் 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கொணர்ந்த வாள்களின் சாயல் உண்டென்பர் ஆய்வாளர். ஆயின் இதுகொண்டு கஸ்தானேயை அயல்வாளின் போலி எனத் துணிதல் பொருந்தாது. அயலார் அமைத்த கிளைகளின் முனையில் நாட்டுக் கொல்லன் மகரத்தை அமர்த்தினான். அயலார் வடித்த எஃகு, நாட்டுப் பிடியிற் பொருந்திய பின்னரே கஸ்தானே எனப்பட்டது. பகைவன் அலகும் இவ்வாறு தன்னாட்டு உடைமையாயிற்று. ஆதலின் அலகு கொண்டு இவ்வாளின் பிறப்பை அறுதியிடல் பிழையாகும்.

பிடியும் பதவியும்

கஸ்தானே பெரும்பாலும் பொருதற்கு ஏந்தியதன்று. தகுதியைப் புலப்படுத்த அணிந்தது. அணிவோன் பதவிக்கேற்ப வேலைப்பாட்டின் செறிவும் உலோகத்தின் உயர்வும் வேறுபட்டன. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், வாளின் பிடியும் உறையும் பெரும்பகுதி அடித்த பொன்னால் ஆயவை எனக் குறித்துள்ளார். அந்நியர் கண்ணுக்கும் பிடியும் உறையுமே முதலிற் புலப்பட்டன என்பது கருதற்பாலது.

பிடியைச் செய்தோரும் அரசனோடு தொடர்புடையோரே. கண்டியரசனுக்குப் பணிபுரிந்த ‘பட்டல் ஹத்தர’ என்னும் நான்கு தொழிற்கூடங்களுள் ஒன்று ‘ரன்கடு’, அதாவது பொன்வாள், என்னும் பெயர் பெற்றிருந்தது. ஏனைய மூன்றும் அணிகலன், அரியணை, முடி என்பவற்றாற் பெயர் பெற்றவை. முடிக்கும் அரியணைக்கும் இணையாக வாளும் எண்ணப்பட்டமை இதனால் தெளிவாம். இத்தொழின்மரபை 1908இல் வெளிவந்த தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் விரித்துரைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஈழத்துத் தமிழறிஞர் சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் அவர்.

கவர்ந்தனவும் மீண்டனவும்

பதவியின் சின்னமாதலின், இவ்வாளைக் கவர்தல் வெறும் பொருட்கொள்ளை அன்று. 1765ஆம் ஆண்டிற் கண்டியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அக்காலைக் கண்டியை ஆண்டவன் கீர்த்தி சிறீ இராசசிங்கன். மதுரை நாயக்கர் வழித்தொடர்புடைய மரபினன். ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படையுடன் புகுந்து நகரைக் கைப்பற்ற, அரண்மனை சூறையாடப்பட்டது. நகரை நெடுங்காலம் வைத்திருக்க ஒல்லாந்தரால் இயலவில்லை. எனினும் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டியரசு கரையோரம் முழுவதையும் இழந்தது.

சூறையாடப்பட்டவற்றுட் சில கடல் கடந்து, பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தை அடைந்தன. அங்கு அவை கண்ணுக்கினிய கைவினைப் பொருள்களாயின. பிடியின் செதுக்கு வேலை அவை எந்நாட்டின எனக் கூறவல்லது. எவ்வாறு அங்கு வந்தன எனக் கூறவல்லதன்று. அதனை ஆவணங்களே கூறவேண்டும். நெதர்லாந்து, இலங்கை ஆகிய இருநாட்டு ஆய்வாளரும் கூடி ஆராய்ந்ததன் பயனாகத் திருப்பியளிக்கும் முடிவு 2023 யூலையில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் ஆறு பொருள்கள் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திற்கு மீண்டன. லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன் கஸ்தானே, வெள்ளிக் கஸ்தானே, கத்தி, இரு மதிற்றுப்பாக்கிகள் என்பன அவை.

பெரிதாகிய பீரங்கியே பலர் கவனத்தையும் ஈர்த்தது. பீரங்கி அரசின் செல்வத்தைக் காட்டுவது. கஸ்தானேயோ அரசினது ஒழுங்கையே காட்டுவது. யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர், யார் எதனை அணிதற்குரியர் என்னும் முறைமை அதன் பிடியிற் படிந்துள்ளது. 1815இற் கண்டியரசு வீழ்ந்த பின்னரும் ஆங்கிலேயர் இதனை ஒழித்திலர். தம்கீழ்ப் பணிபுரிந்த கரையோர முதலியார்களின் உத்தியோக உடையில் அதனை வைத்துக்கொண்டனர். அரசன் அளித்த மதிப்பை அயலாட்சி தன் மதிப்பாக வழங்கியது. பிடி மாறவில்லை, அதனை வழங்கும் கை மாறிற்று. இன்று இலங்கைத் தேசியக் கொடியின் சிங்கம் ஏந்துவதும் இவ்வாளே.

ஆதலின் இவ்வாள்களைக் காட்சிக்கு வைப்போர் செதுக்கு வேலையின் நுட்பத்தை மட்டும் எடுத்துரைத்தல் போதாது. எக்கூடத்து வினைஞர் மரபில் அவை தோன்றின, எப்பதவியைக் குறித்தன, எவ்வாறு நாடு நீங்கி மீண்டன என்பனவும் உடன் கூறப்படல் வேண்டும். அவையின்றேல் பிடியின் அழகு எஞ்சும். அவ்வழகு எதன்பொருட்டு ஆயிற்று என்பது மறையும்.