நோயாளியின் ஏட்டைத் திறந்தவர் யார்?

மருத்துவமனைக் குறிப்புகள் காகிதத்திலிருந்து கணினிக்கு வேகமாக மாறி வருகின்றன. கர்ப்பிணிகளின் விவரங்கள் 'பிக்மி' தளத்திலும், காசநோயாளிகளின் விவரங்கள் 'நிக்ஷய்' தளத்திலும் பதிவாகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடிச் சென்று சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்கிறது. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால், நம் ஏட்டை யார் யார் திறந்து பார்க்கிறார்கள் என்ற கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

சட்டம் கேட்கத் தொடங்கிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தனிநபர் தரவை அணுகியவர்கள் பற்றிய பதிவுகளைப் பேண வேண்டும். அவற்றைக் கண்காணித்து ஆய்வு செய்ய வேண்டும். ஓராண்டேனும் பாதுகாக்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். இதற்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். எச்.ஐ.வி. தொடர்பான ஆவணங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இத்தகைய பாதுகாப்பையும் பணியாளர்களின் பொறுப்புடைமையையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

'லாக்' என்று கணினித் துறையினர் குறிப்பிடும் நுழைவுப் பதிவு, வாயிற்காவலரின் வருகைப் பதிவேட்டைப் போன்றது. எந்தப் பணியாளர், எந்த நேரத்தில், எந்தக் கணினியிலிருந்து, எந்த நோயாளியின் ஏட்டைத் திறந்தார். பார்த்தாரா, திருத்தினாரா, அச்செடுத்தாரா என்பவற்றைக் கணினி தானாகவே குறித்துக்கொள்ளும். ஆனால், யாரும் படிக்காத பதிவேடு எவரையும் காப்பதில்லை.

இதற்குச் சிங்கப்பூர் தரும் பாடம் தெளிவானது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினி வலையமைப்புக்குள் 2017 ஆகஸ்டிலேயே ஊடுருவல் நிகழ்ந்துவிட்டது. 2018 ஜூன், ஜூலை மாதங்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். தோல்வியுற்ற நுழைவு முயற்சிகளைச் சில பணியாளர்கள் ஜூன் மாதத்திலேயே கவனித்திருந்தனர். ஆனால், மேலிடத்துக்கு உரிய காலத்தில் தகவல் செல்லவில்லை. தடயம் இருந்தது, அதன் பொருளை உணர்ந்து செயல்படும் ஒழுங்குமுறைதான் இல்லை.

ஆபத்து எப்போதும் வெளியிலிருந்தே வருவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைகளில், புகழ்பெற்றவர்களின் மருத்துவ ஏடுகளைப் பணியாளர்கள் சிலர் தேவையின்றித் திறந்து பார்த்ததாகப் புகார் எழுந்தது. அந்த விவகாரத்தை முடித்துக்கொள்ள 2011-இல் அந்நிறுவனம் 8,65,500 டாலர் செலுத்த நேர்ந்தது.

தேனி மாவட்டத்துக்கு இந்த இரண்டாவது ஆபத்தே நெருக்கமானது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியவை. அங்குள்ள குடும்பங்களும் அப்படியே. பதிவு மேசையில் இருப்பவர் நோயாளிக்கு உறவினராக இருக்கலாம். ஆய்வகப் பணியாளர் அடுத்த தெருக்காரராக இருக்கலாம். இங்கே ஒரு பெண்ணின் பழைய மனநலச் சிகிச்சைக் குறிப்பு வெளியே கசிந்தால் அவளது திருமணப் பேச்சு நின்றுபோகும். ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலையேறும் தொழிலாளிக்குக் காசநோய் என்ற செய்தி பரவினால், மறுநாள் ஜீப்பில் அவருக்கு இடமிருக்காது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த அச்சத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சுட்ட விரும்புகிறேன். உள்ளூரில் இரகசியம் தங்காது என்று எண்ணுபவர், கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மதுரைக்குப் பேருந்து ஏறுவார். ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் போகும். அதற்கும் வழியற்றவர் பரிசோதனையையே தள்ளிப்போடுவார். தொற்றுநோயில் அந்தத் தாமதத்தின் செலவை ஊர் முழுவதும் சுமக்கிறது. ஆகவே, நோயாளியின் அந்தரங்கம் பொதுச் சுகாதாரத்தின் முதலீடும் ஆகும்.

மருத்துவமனை ஒன்றின் பதிவு மேசையில், கணினித் திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். மூன்று பணியாளர்களுக்கும் அதுவே திறவுகோல். அங்கே நுழைவுப் பதிவு எத்தனை ஆண்டுகள் சேமிக்கப்பட்டாலும் பயனில்லை. ஒரே பெயரில் மூவர் நடமாடும்போது பதிவேடு யாரையும் சுட்டாது.

சிறிய மருத்துவமனைகளால் இதெல்லாம் இயலுமா என்று கேட்கலாம். முதற்படிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். பணி மாறியவரின் கணக்கை அன்றே முடக்க வேண்டும். நுழைவுப் பதிவின் நகலை, கணினிப் பொறுப்பாளரே அழிக்க முடியாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது பொறுப்பான ஒருவர் அதைப் படிக்க வேண்டும். எலும்பு முறிவுப் பிரிவில் பணிபுரிபவர் மகப்பேற்று ஏட்டைத் திறந்தது ஏன்? விடுப்பில் இருப்பவரின் கணக்கு நள்ளிரவில் இயங்கியது எப்படி? ஒரே கணக்கில் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான ஏடுகள் புரட்டப்பட்டது எதற்காக? இவையே தேட வேண்டிய குறிகள்.

இதில் நிதானமும் தேவை. வழக்கத்துக்கு மாறானதெல்லாம் குற்றமாகிவிடாது. அவசரச் சிகிச்சையில் மருத்துவர் எந்த ஏட்டையும் உடனே திறக்க வழியிருக்க வேண்டும். காரணத்தைப் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். கண்காணிப்பு என்ற பெயரில் கடைநிலை ஊழியர்களை மட்டும் வேவு பார்ப்பதும் அறமாகாது. மருத்துவமனையின் தலைவர் திறந்த ஏடும் அதே பதிவில் இடம்பெற வேண்டும்.

எஸ்டோனியாவில், தம் மருத்துவ ஏட்டைத் திறந்தவர் யார் என்பதைக் குடிமக்கள் இணையத்தில் தாமே பார்த்துக்கொள்ளலாம். நம் அரசும் தன் சுகாதாரத் தளங்களில் இந்த வசதியைத் தர வேண்டும். தன் ஏட்டைத் தேவையின்றித் திறந்த உறவினரின் பெயரை ஆய்வாளரைவிட நோயாளியே விரைவில் அடையாளம் காண்பார். அந்தப் பட்டியலைக் காணும் உரிமை போடியின் தோட்டத் தொழிலாளிக்கும் கிடைக்கும்போதுதான் சட்டம் மருத்துவமனை வாசலைக் கடந்து உள்ளே வந்ததாகப் பொருள்.