தீயைத் தணித்தவர் யார்?

தணிகை என்றால் தணிந்த இடம் என்று பொருள் கூறுவர். சூரனோடும் வேடரோடும் பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை, ஆகவே திருத்தணிகை என்பது தலபுராணம். அந்த மலையின் 365 படிகளிலும் ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் நிறைகின்றன. கற்பூரம் எரிகிறது, எண்ணெய் விளக்கு எரிகிறது, ஓலைப் பந்தலின் கீழ் மக்கள் தோளோடு தோள் உரச நிற்கின்றனர். சினம் தணிந்த கதை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு பொறி பந்தலில் விழுமானால் அதைத் தணிப்பவர் யார்?

இதற்குப் புராணத்தில் விடை இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றை நமது இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தீயை அணைப்பது பொதுக்கடமை என்ற எண்ணம் எளிதில் பிறந்துவிடவில்லை. பழைய ரோமாபுரியில் கிராசசு என்னும் செல்வன், எரிகிற வீட்டையும் அதை அடுத்த வீட்டையும் அச்சத்தில் நடுங்கும் உரிமையாளரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தான் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். ஒருவன் கண்ணீர் மற்றொருவனுக்கு முதலீடு! பின்னர் கி.பி. 6-இல் அகஸ்டஸ் மன்னன் ஏழு அணிகள் கொண்ட காவல் படையை அமைத்தான். அதில் சேர்க்கப்பட்டோர் பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள். ஊரைக் காக்கும் வேலை, ஊரால் இழிவாக எண்ணப்பட்டவர்க்கே தரப்பட்டது.

1666-இல் இலண்டன் மாநகர் எரிந்தது. அதன் பிறகு தீக்காப்பீட்டுக் கம்பெனிகள் தோன்றின. பணம் கட்டியவர் வீட்டுச் சுவரில் தங்கள் முத்திரைத் தகட்டைப் பதித்தன. தங்களுக்கெனத் தீயணைப்புக் குழுக்களையும் வைத்துக்கொண்டன. 1833-இல் அக்குழுக்கள் ஒன்றாக இணைந்தபோதும் நடத்தியவை கம்பெனிகளே. 1861-இல் கிடங்குத் தெரு ஒன்றில் மூண்ட பெருந்தீயில், படைத்தலைவர் பிரெய்டுவுட் இடிந்த சுவரின் கீழ் மாண்டார். "இனி இந்தச் சுமை எங்களால் ஆகாது" என்று கம்பெனிகள் கைவிரித்த பின்னரே, 1865-இல் சட்டம் இயற்றி அதைப் பொதுப் பணியாக்கினர். இரண்டாம் உலகப் போரில் குண்டுமழை பொழிந்தபோது இன்னொரு குறை வெளிப்பட்டது. ஓர் ஊர்ப் படையின் குழாய் அடுத்த ஊர்ப் படையின் குழாயோடு பொருந்தவில்லை! ஆகவே 1941-இல் பிரிட்டன் முழுவதற்கும் ஒரே தேசியத் தீயணைப்புப் படை அமைந்தது. போர் முடிந்தபின் 1948-இல் அப்பொறுப்பு மீண்டும் உள்ளாட்சிகளிடம் சென்றது. ஒற்றுமை தேவை, உள்ளூர்ப் பொறுப்பும் தேவை என்ற இரண்டு பாடங்களையும் அந்நாடு கற்றது.

நம் நாட்டிலோ பம்பாயில் 1803, கல்கத்தாவில் 1822, தில்லியில் 1867, சென்னையில் 1908 எனப் படைகள் தோன்றின. வணிகரின் கிடங்கும் வெள்ளையரின் மாளிகையும் இருந்த நகரங்கள் இவை. சிற்றூருக்குக் கிடைத்தது குடமும் கூக்குரலும் மட்டுமே. அந்தக் குடத்திற்கும் சாதி இருந்தது. சேரி எரியும்போது, ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையற்றவன் எங்கே ஓடியிருப்பான்? எண்ணிப் பாருங்கள்!

1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி நின்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். அந்நாளே இன்றும் தீயணைப்போர் நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. விடுதலைக்குப் பின், மத்திய அரசு நிலையான ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1956-இல் இராம்பூரில் தொடங்கிய தேசியப் பயிற்சிக் கல்லூரி மறு ஆண்டே நாகபுரிக்கு மாறியது. எனினும் தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பே. தில்லி அறிவுரை கூறலாம். வண்டியும் ஆளும் தரவேண்டியது மாநில ஆட்சி. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 1985-இல் வந்தது.

மீண்டும் தணிகைக்கு வருவோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடிய மண் அது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மொழிக்கும் ஆட்சிக்கும் வேண்டும்; ஆனால் வெள்ளமும் நெருப்பும் எல்லைக்கல்லைப் படித்துப் பார்த்து நிற்பதில்லை. ஒடிசாப் புயல் 1999-இலும், குசராத் நிலநடுக்கம் 2001-இலும், ஆழிப்பேரலை 2004-இலும் இதைக் கற்பித்தன. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2006-இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை எட்டு அணிகளோடு அமைந்தது. பின்னர் அது பதினாறாக வளர்ந்தது. அதன் நான்காம் அணி, திருத்தணிக்குத் தெற்கே அரக்கோணத்தை அடுத்து முகாமிட்டிருக்கிறது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிலிருந்து வந்தோர் அதில் பணியாற்றுகின்றனர். சென்னை வெள்ளத்திற்கும் அவர்கள் சென்றனர். 2018 கேரள வெள்ளத்திற்கும் சென்றனர். இப்படையின் 46 பேர் கொண்ட குழு 2011-இல் சப்பானுக்கும் சென்று மீட்புப் பணி செய்தது.

ஆனால் தோழர்களே, அரக்கோணத்திலிருந்து படை வரும்வரை தீ காத்திராது! முதல் சில மணித்துளிகளே உயிரை முடிவு செய்கின்றன. அந்த மணித்துளிகள் உள்ளூர் நிலையத்திற்கும் அங்கு நிற்கும் மக்களுக்கும் உரியவை. அவற்றை நாம் எப்படி இழந்தோம்?

1997-இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளர் 28 பேர் கருகினர். மருத்துவரிடம் இருக்க வேண்டியவர்களைத் தெய்வ அருளுக்காகக் காத்திருக்க வைத்து, சங்கிலியால் பிணைத்திருந்தனர். தீ வந்தபோது அவர்களால் ஓட முடியவில்லை. 2004 சூலை 16-இல் குடந்தைப் பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்தனர். கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் கண்டும் காணாத அதிகாரமும் சேர்ந்து செய்த கொலை அது. இவற்றை விதி என்கின்றனர். ஓலை விதியா? சங்கிலி விதியா? ஒற்றை வழி வைத்த கட்டடம் விதியா? 1968-இல் வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்திய கைகளும் விதியின் கைகளா? மனிதன் செய்ததை மனிதனால் மாற்ற முடியும். குடந்தைக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டதே, விதி அங்கே எதிர்த்து நின்றதா?

தீக்குள் புகுந்து பிறரைக் காப்பவர்கள் யார் என்பதையும் பாருங்கள். பெண்ணுக்கு அடுப்பங்கரை நெருப்பே உரியது என்ற நாட்டில், 2003-இல் தமிழ்நாடு பெண்களைத் தீயணைப்பு அலுவலர்களாக்கியது. அவர்களுள் ஒருவரான பிரியா இரவிச்சந்திரன், 2012 சனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத் தீயில் கடுங்காயமுற்றார்; உடன் சென்ற வீரர் ஒருவர் உயிர் துறந்தார். 2020 தீபாவளியை ஒட்டிய இரவில், ஊர் பட்டாசு கொளுத்திக் களித்திருக்க, மதுரையில் எரிந்த கட்டடம் இடிந்து இரு வீரர்கள் மாண்டனர். எரியும் வீட்டின் வாயிலில் நின்று அவர்கள் யாருடைய குலத்தையும் கேட்டதில்லை.

நாம் செய்யவேண்டியது என்ன? நம் ஊர்ப் பள்ளிக்கும் திருமண மண்டபத்திற்கும் திரையரங்கிற்கும் திருவிழாப் பந்தலுக்கும் இரண்டாவது வழி இருக்கிறதா என்று கேட்போம். தீயணைப்புத் துறையின் சான்று எங்கே என்று கேட்போம். ஊர் நிலையத்தில் ஆள் குறைவு என்றால் ஆட்சியாளரைத் தட்டிக் கேட்போம். 101 என்ற எண்ணைக் குழந்தைக்கும் கற்பிப்போம்.

தணிகை மலைமேல் சினம் தணிந்ததோ இல்லையோ, தீ தானாகத் தணிவதில்லை. அதைத் தணிப்பது நீர்; நீரைக் கொண்டுவருவது மனிதன்; அவனை உரிய நேரத்தில் அங்கே நிறுத்துவது நல்லாட்சி. அந்த ஆட்சியைக் கேள்வி கேட்டு விழித்திருக்கச் செய்வது நம் கடமை!