மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களில் சமூக, பொருளாதார அளவீடு

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் இரு மருங்கிலுமுள்ள ஊர்களின் நிலம், நெல், நீர், சனத்தொகை, வறுமை ஆகியவற்றைக் கணக்கெடுத்து, அக்கணக்கைக் கொண்டு அவ்வூர்களின் வாழ்வை நெறிப்படுத்த முயன்ற வரலாறே இக்கட்டுரையின் பொருள். கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு போன்ற நெருக்கமான ஊர்கள் அங்கே உள்ளன. வாவிக்கு மேற்கே படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் என்று வயலும் குளமும் சார்ந்த ஊர்கள் அங்கே. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்வது பழைய வழக்கம். ஒரு குடும்பத்தின் உடைமை இரு கரையிலும் பரந்திருக்கும் என்பதை மறந்து எடுத்த கணக்கு எதுவும் இங்கே சரியாக வந்ததில்லை.

ஊரின் சொந்தக் கணக்கு

அரசின் பதிவேடுகளுக்கு முன்பே இங்கே ஒரு கணக்கு இருந்தது. வயல் எவ்வளவு என்று கேட்டால், விதைக்கும் நெல்லின் முகத்தலளவைக் கொண்டு இத்தனை அவணம் விதைப்பு என்று சொல்வார்கள். வேளாண்மை வெட்டி, சூடு வைத்து, மாடு விட்டு மிதிப்பித்துத் தூற்றிய பொலி களவெட்டியில் குவிந்ததும் அங்கேயே பங்கு பிரியும். நிலவுடைமையாளரான போடியாருக்கும், வயலைப் பார்த்துக்கொண்ட முல்லைக்காரனுக்கும், வாய்க்கால் நீரைக் கவனித்த வட்டை விதானைக்கும், கோயிலுக்கும், உழைத்தவர்களுக்கும் உரியது அவரவர் கண்முன்னே அளக்கப்பட்டது. இப்பங்கீடு சமமானது என்று சொல்ல முடியாது. போடியாரின் பங்குக்கும் கூலியாளின் பங்குக்கும் இடையே பெரிய தூரம் இருந்தது. ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு கணக்கு, குலப் பிரிவாகிய குடியின் கணக்கு. இப்பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக வருகிறது. அந்தத் தாய்வழிக் கிளையை வயிற்றுவார் என்பார்கள். கோயில் திருவிழா உரிமைகள்கூடக் குடிவாரியாகப் பகிரப்பட்டவை. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பெற்றோர் அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீட்டைக் கட்டிக்கொண்டு அடுத்த மகளுக்காக உழைக்கத் தொடங்குவார்கள். வீடு பெண்ணுடையது என்ற இந்த ஒன்றைத்தான் பின்னால் வந்த படிவங்கள் தொடர்ந்து தவறவிட்டன.

ஒல்லாந்தர், ஆங்கிலேயர்

1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், பதவி விட்டுச் செல்லும் அதிகாரி அடுத்து வருபவருக்குக் குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் உடையவர்கள். யாக்கோப் பேர்னாண்ட் 1794இல் எழுதிய குறிப்பு அவ்வகையில் பெயர்பெற்றது. நெற்செய்கையைப் பெருக்குவது அதில் முக்கிய இடம் பெறுகிறது. ஆங்கிலேயரின் அக்கறையும் நெல்லிலேயே தொடங்கியது. 1856இன் நீர்ப்பாசனச் சட்டம் பழைய ஊர் வழக்கங்களுக்குச் சட்ட வலுக் கொடுத்தது. அதையொட்டிக் கிழக்கில் கைவிடப்பட்டிருந்த குளங்கள் திருத்தப்பட்டன. நெல்வரி 1892இல் நீக்கப்படும்வரை விளைச்சல் கணக்கு என்றால் வரிக் கணக்குத்தான். 1876ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், தாய்வழி உரிமையை ஏற்ற இப்பகுதி வழக்காறான முக்குவர் வழமையின் இடத்தைப் பிடித்தது. சட்டப் புத்தகத்தில் தாய்வழி உரிமை மறைந்தது. வளவுகளில் அது மறையவில்லை.

தீவு முழுவதற்குமான முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அதன் பின்னர் மாவட்டத்தை ஒரு முழுமையாகப் பார்த்து எழுதப்பட்ட நூல் எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. எண்களோடு ஊர் வழக்கங்களையும் சேர்த்துப் பதிந்ததால் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகமும் (1964) அந்தத் தேவையைத் தமிழில் நிறைவுசெய்தன.

கல்லோயாவும் கடைவாய்க்காலும்

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வாவியின் தெற்கிலும் மேற்கிலும் நிலத்தின் முகத்தையே மாற்றியது. பெருங் குளம், புதிய குடியேற்றங்கள், புதிய வாய்க்கால்கள் வந்தன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1953, 1963 ஆகிய இரு மதிப்பீடுகளிலும் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் அது குறிக்கும் நிலப்பரப்பு வேறு. இதைக் கவனிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி பேசும் கட்டுரைகளை நம்பக்கூடாது.

கிராம மாற்றத்தைத் திட்டமிட்டு அளந்ததில் உலகம் அறிந்த ஓர் உதாரணமும் இங்கேதான் நிகழ்ந்தது. கல்லோயாவின் இடதுகரை வாய்க்காலில் தலைப்பில் இருந்தவர்கள் தண்ணீரை எடுத்துக்கொள்ள, கடைவாய்க்கால் வயல்கள் காய்ந்தன. தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் விவசாயிகள். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் 1980களின் தொடக்கத்தில் இளம் அமைப்பாளர்களை ஊர்களில் தங்க வைத்தன. கட்டளை இடுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. வாய்க்காலை யார் துப்புரவாக்குவது, முறை வைத்து எப்படித் தண்ணீர் விடுவது என்று விவசாயிகளையே பேச வைத்தார்கள். சில வாரங்களில் வாய்க்கால்கள் துப்புரவாகின, மிச்சம் பிடித்த நீர் கீழே போனது. நீரின் பயன் ஏறத்தாழ இருமடங்கானது என்று இம்முயற்சியில் பங்கேற்ற நோர்மன் அப்ஹோஃப் 1992இல் வெளிவந்த நூலில் எழுதினார். நாடு இனக்கலவரத்தில் எரிந்த 1983ஐ அடுத்த ஆண்டுகளிலும் அங்கே விவசாயிகளின் ஒத்துழைப்பு முற்றாக அறுந்துவிடவில்லை. இப்பகுதியின் அளவீட்டு வரலாற்றில் மிகச் சிறந்த பக்கம் இதுவே. அளக்கப்பட்டவர்களே அளவையும் வைத்திருந்தார்கள்.

அதை ஒத்த கலந்துபேசலை இன்றும் பெரும்போக நெற்செய்கையின் ஆரம்பக் கூட்டங்களில் காணலாம். பிரதேச செயலகத்தில் விவசாயிகளும் நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் கூடி, விதைப்பின் கடைசித் திகதி, எத்தனை மாத நெல், மாடுகளை வயற்புறத்திலிருந்து அப்புறப்படுத்தும் திகதி என ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். எதிர்ப்புச் சொல்பவர் எழுந்து நின்று சொல்வார். தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

எண்ணப்படாத ஆண்டுகள்

1981இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தார்கள். அடுத்த முழுமையான மதிப்பீடு 2012இல் நடந்தது. அப்போது சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் போர் நடந்தது. முஸ்லிம்களும் தமிழர்களும் படுகொலைகளைக் கண்டார்கள், ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2001இன் மதிப்பீடு இங்கே நிறைவுபெறவில்லை. படுவான்கரை 2007வரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மண்முனைத்துறையில் 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவையில்தான் அக்கரை போய்வர முடிந்தது. அங்கே பாலம் 2014இல்தான் வந்தது.

வீட்டு அலகுகளின் வருமான செலவின ஆய்வின்படி மாவட்டத்தில் வறியோர் 2006/07இல் 10.7 சதவீதம், 2009/10இல் 20.3 சதவீதம், 2012/13இல் 19.4 சதவீதம், 2016இல் 11.3 சதவீதம். போர் முடிந்ததும் வறுமை இருமடங்கானது என்று இதை வாசித்தால் பிழை. 2006/07இல் இம்மாவட்டத்தில் சண்டை மூண்டிருந்தது. வீடுகளுக்குச் சென்று எடுக்கும் ஆய்வு, வீட்டை விட்டு ஓடியவர்களை எப்படி எண்ணும்? 2016இல் நாட்டின் சராசரி 4.1 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யாருடைய வீடு

2004 திசெம்பர் 26இன் கடல்கோளுக்குப் பின் எழுவான்கரையில் வீட்டுத் திட்டங்கள் குவிந்தன. படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. அழிந்தது மனைவியின் சீதன வீடு, கிடைத்த புதிய வீடோ கணவன் பெயரில். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் முதலிய அமைப்புகள் கூட்டு உரிமையாவது தருமாறு வலியுறுத்தின. அரச காணியில் அதற்கும் தடை இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளையே முன்வைத்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான்.

போருக்குப் பின் வந்த நுண்கடன் நிறுவனங்கள் மட்டும் பெண்களைச் சரியாகக் கண்டுகொண்டன, கடனாளிகளாக. வாரத் தவணை கட்ட மற்றொரு கடன், அதைக் கட்ட இன்னொன்று என்று ஊர் ஊராகப் பெண்கள் சிக்கினார்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. அந்த உச்சவரம்பே எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கடன் பெற்றவர் எண்ணிக்கையை வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டிய அறிக்கைகள், ஒரு பெண்ணிடம் எத்தனை கடன் தவணை அட்டைகள் இருந்தன என்று கேட்கவில்லை.

வறியோருக்காக 1995 முதல் நடைமுறையிலிருந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023 யூலையில் அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு அது குடும்பங்களைத் தரம் பிரிக்கிறது. பட்டியல் வெளியானதும் நாடெங்கும் மேன்முறையீடுகள் குவிந்தன. வாவிக்கரையில் ஒரே வளவில் தாய்க்கு ஒரு வீடு, மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு அரைகுறைச் சுவர் என்றிருக்கும். கல்வீடு இருப்பதை வசதி என்று குறித்துக்கொள்ளும் அலுவலர், அது மகளின் கலியாணத்துக்காகக் கடன்பட்டுக் கட்டியதா என்றும், யாருடைய பெயருக்கு உரியது என்றும் அதே படிவத்தில் கேட்டு எழுத வேண்டும்.