துரையின் ரைபிளும் விதானையாரின் துவக்கும்

2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்துக்குத் திரும்பி வந்த ஆறு பொருட்களில் பேச்செல்லாம் லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பற்றித்தான். கூடவே இரண்டு பெருந்துவக்குகளும் வந்தன. அவை சுவரில் தாங்கிச் சுடுகிற போர்க்கருவிகள், வேட்டைக்கு உதவாதவை. ஆனால் போர்த்துக்கேயர் கால்வைத்த அதே நூற்றாண்டுக்குள் இந்தத் தீவின் கொல்லர்கள் துவக்குக் குழல் செய்வதில் பெயர் வாங்கிவிட்டார்கள். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியான தன் நூலில் அந்தக் குழல்களை வாய்விட்டுப் புகழ்கிறார். கண்டித் துவக்கைக் கண்டுபிடிப்பதும் லேசு: ஐரோப்பியத் துவக்கில் வலப்பக்கம் இருக்கும் விசைப்பொறி, இதில் இடப்பக்கம் இருக்கும்.

துவக்குக்கு இங்கே பஞ்சமில்லை. பன்றிக்கும் மானுக்கும் பறவைக்கும் பொதுவாக, சாதாரணக் குடியானவன் வாங்கக்கூடிய ஒரே துவக்கு எது என்பதுதான் நீண்ட காலக் கேள்வி. வெள்ளைக்காரத் துரைமாருக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

1840களின் பிற்பாதியில் வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தன் ஆயுதங்களைக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். 21 இறாத்தல் எடையுள்ள நாலு அவுன்ஸ் ரைபிள் ஒன்று, 16 இறாத்தலில் இரண்டு அவுன்ஸ் ரைபிள் ஒன்று, பத்தாம் நம்பர் இரட்டைக்குழல் ரைபிள்கள் நாலு. முதலாவதன் குண்டு மட்டும் ஏறக்குறைய 113 கிராம்.  இத்தனையும் வைத்திருந்தவர் மலைநாட்டு மரையை நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால் குத்திக் கொன்றார் என்பது வேடிக்கைதான். அவருக்கு முன்பே 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார்.

வன்னிக் கிராமத்தானிடம் இருந்தது இடியன். குழல் வாயால் மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து, ஈயச் சன்னமோ கிடைத்த இரும்புத் துண்டோ போட்டு வெடிவைக்கும் துவக்கு. கிராமத்துக் கொல்லனே பழுது பார்ப்பான். நனைந்தால் வெடிக்காது, ஒரு வெடி தவறினால் அடுத்ததற்குள் பன்றி அடுத்த குளத்தைத் தாண்டியிருக்கும். ஆனாலும் செலவு குறைவு.

இடியனின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது பன்னிரண்டு போர் சொட்கன். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒன்று எந்தக் குழலுக்குள் அளவாய்ப் போகுமோ, அதுதான் பன்னிரண்டு போர். இதன் கெட்டித்தனம் முழுவதும் தோட்டாவில் இருக்கிறது. எஸ்.ஜி. சன்னம் அவுன்ஸுக்கு எட்டு; பன்றிக்கும் மானுக்கும் அது போதும். ஆறாம் நம்பர் அவுன்ஸுக்கு 270, காட்டுக்கோழிக்கும் முயலுக்கும். தோட்டாவை மாற்றினால் துவக்கே மாறியதுபோல. கொழும்பைச் சுற்றிய வயல்களில் உள்ளான் சுட்ட கனவான்களும் சொட்கன்தான் தூக்கினார்கள், சன்னம் மட்டும் இன்னும் பொடி.

ரைபிள் இங்கே ஏன் ஊரோடு ஒட்டவில்லை என்பதற்குக் காசு மட்டும் காரணமல்ல. வறண்ட பகுதியின் முட்காட்டில் மிருகம் கண்ணில் படும்போதே நாற்பது யாருக்குள் நிற்கும். அந்தத் தூரத்துக்குச் சொட்கன் தாராளம். தவறிய ரைபிள் குண்டோ வயலையும் தாண்டி அடுத்த ஊர்வரை போகும். இந்தியாவின் கதை வேறு. இராணுவக் கலிபரான .303ஐப் பொதுமக்களுக்கு மறுத்ததால், அங்கே .315 ரைபிள் வேட்டைக்காரரின் வழக்கமான துணையாயிற்று.

சட்டம் எழுதியதும் துரைமாரே. 1894இல் வேட்டைப்பிராணிப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது, இன்றைய வனஜீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம் அது. காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் உண்மையானதுதான். ஆனால் யாருக்காகக் காத்தார்கள்? யாலவை ஒட்டி, தீவில் வசிக்கும் வேட்டைக்காரருக்கென்றே தனி ஒதுக்கிடம் இருந்தது. அங்கே போக வசதியுள்ளவர்கள் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும்.  1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம் துவக்கை அனுமதிப்பத்திரத்தோடு கட்டியது. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையின் வாசலைச் சுருக்கியது. விதானையாரும் வயல்காரரும் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லித் துவக்கு வைத்திருந்தார்கள். இரவில் அதே துவக்கு மானுக்கும் போனது ஊரறிந்த விஷயம்.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது கையில் வைத்திருந்தவை பெரும்பாலும் சொட்கன்களும் கையால் செய்த குண்டுகளும். அதற்குப் பிறகு கிராமத்துச் சொட்கனை அரசு பயிர்க்காவல் சாமானாக மட்டும் பார்க்கவில்லை.

இன்று புள்ளிமானையும் மரையையும் சுடுவது குற்றம். பயிரழிக்கும் பிராணிகளின் தொல்லையோ ஓயவில்லை: 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், நாடு முழுவதும் தோட்டந்துரவுகளில் குரங்கு, மயில், மலையணில் எல்லாம் எண்ணப்பட்டன. மறுபக்கம், பன்றித் தடத்தில் ஒளித்து வைக்கும் கட்டுத்துவக்கு சிறுத்தையையும் யானையையும் சில வேளை விறகு பொறுக்கப் போனவரையும் சாய்க்கிறது. வெள்ளவத்தையில் வீடும் வவுனியாவில் வயலும் உள்ள ஒருவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று துவக்குக் கேட்டால், முதலில் காட்ட வேண்டியது காணி உறுதியை. கிடைத்தால் கிடைப்பது அதே பன்னிரண்டு போர்.