பத்தாண்டு மௌனம்

ஊற்று வற்றிவிட்டதோ என்னும் அச்சம் கவிஞர் பலரையும் ஒரு காலத்தில் பற்றுவதுண்டு. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே (1875–1926) அவ்வச்சத்துடன் பத்தாண்டுகள் வாழ்ந்தவர்.

1910இல் 'மால்ட்டெ' நாவல் வெளிவந்தபின் அவர் பெரிதும் சோர்வுற்றார். 1912 சனவரியில், திரியெஸ்த் நகரையடுத்த துயினோ கோட்டையில் இரங்கற்பாக்களின் முதலிரண்டும் பிறந்தன. பின்னர் வேகம் தடைப்பட்டது. உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெறலாமா என்றும் அக்காலத்தில் எண்ணினார். துன்பத்தோடு கவித்துவமும் அகன்றுவிடுமென அஞ்சி அதனைத் தவிர்த்தார். 1914இல் போர் மூண்டது. 1915இல் நான்காம் பா முடிந்தது. 1916இல் வியன்னாவில் படைப்பணி; போர் ஆவணக் காப்பகத்தில் அலுவல். அதன்பின் நெடிய தேக்கம்.

ஆயினும் மொழியை அவர் கைவிட்டாரல்லர். பிரெஞ்சுக் கவிஞர் லூயிஸ் லபேயின் 24 சானெட்டுகளை மொழிபெயர்த்து 1918இல் வெளியிட்டார். மைக்கலாஞ்சலோவின் கவிதைகளையும் பெயர்த்தார். இடையறாது கடிதங்கள் எழுதினார்.

1921 கோடையில் சுவிட்சர்லாந்தின் மூஸோவிலுள்ள பழைய கோபுர வீட்டில் குடியேறினார். 1922 பிப்ரவரியில், மூன்று வாரங்களுக்குள் பத்து இரங்கற்பாக்களும் நிறைவெய்தின. எதிர்பாராவண்ணம் 55 சானெட்டுகளும் உடன் பிறந்தன. இரு நூல்களும் 1923இல் வெளிவந்தன.

மொழிபெயர்ப்பும் கடிதமுமே கவிதையை வரவழைத்தன எனக் கூறுதற்கில்லை. கவிதை வந்தபோது கை மொழியை மறவாதிருந்தது என்பதே வரலாறு உணர்த்துவது. பத்தாண்டு காணும் இலக்கிய வட்டத்தில் எழுதுவோர்க்கு உரிய இருக்கை, எழுத இயலாதிருப்போர்க்கும் உரியதே.