டெபியனின் வாரச் செய்தி

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு டெபியன் என்ற பெயர் புதிதல்ல. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக், 1993 ஆகஸ்ட் 16 அன்று இந்தத் திட்டத்தை அறிவித்தார். டெப்ரா என்ற தம் தோழியின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை இது. தலைமை அலுவலகம் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது.

இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் போவது இயல்பு. அந்தக் குறையைத் தீர்க்க, 1999 ஜனவரியில் ஜோயி ஹெஸ் என்பவர் டெபியன் வாரச் செய்தியைத் தொடங்கினார். பாதுகாப்புத் திருத்தங்கள், புதிதாக வந்த மென்பொருள்கள், உறுப்பினர்களிடையே நடந்த விவாதங்களின் சுருக்கம் எல்லாம் அதில் வரும். எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி. கவனிப்பவர் விலகிவிட்ட மென்பொருளை டெபியன்காரர்கள் 'அனாதை' என்பார்கள். அந்தப் பட்டியலையும் வெளியிட்டு, யாராவது தத்தெடுத்துக் கொள்ளுங்கள் என்று கேட்பார்கள்.

பிறகு ஆசிரியப் பொறுப்பு மார்ட்டின் ஷுல்ட்ஸிடம் போயிற்று. செய்தி பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆனால் வாரம் தவறாமல் எழுதுவது லேசான காரியமா? வருடத்துக்கு 52 இதழ்கள்! தொடர்ந்து படிக்க விரும்பினால் எழுத முன்வாருங்கள் என்ற வேண்டுகோள் இதழின் அடியில் வரத் தொடங்கியது. போதிய கைகள் சேரவில்லை. 2007-ல் வாரச் செய்தி நின்றது. 2008-ல் 'டெபியன் திட்டச் செய்தி' என்ற பெயரில் அது மறுபிறவி எடுத்தது. பெயரில் இருந்த 'வாரம்' போய்விட்டதைக் கவனியுங்கள். காப்பாற்ற முடியாத கெடுவைத் தலைப்பிலேயே எழுதி வைப்பானேன்?

இணையதளத்தின் கதை வேறு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். உலாவியிலும் பிரெஞ்சையே முதல் மொழியாக வைத்திருக்கிறேன். அதனால் டெபியன் தளம் எனக்குப் பிரெஞ்சிலேயே திறக்கிறது. அதை மொழிபெயர்ப்பவர்களும் தன்னார்வலர்களே. மூலம் ஆங்கிலத்தில் மாறிக்கொண்டே இருக்கும்போது மொழிபெயர்ப்பு பழசாகிவிடாதா? ஆகும். அதற்கும் ஏற்பாடு உண்டு. மூலத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்து மொழிபெயர்த்தோம் என்று ஒவ்வொரு பக்கத்தின் மூலக்கோப்பிலும் குறித்து வைக்கிறார்கள். மூலம் முன்னேறிவிட்டால் நிரல் கண்டுபிடித்துவிடும். பக்கம் மிகவும் பின்தங்கினால், இது பழையது என்ற எச்சரிக்கையும் வாசகருக்கு வரும்.

இதைப் படித்தபோது எனக்கு அலுவலக விதிப் புத்தகங்கள்தான் நினைவுக்கு வந்தன. திருத்தச் சீட்டு வந்தால் எண் பார்த்து உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாத புத்தகத்தை நம்பிக் குறிப்பு எழுதினால் கோப்பு திரும்பி வரும். எது வரை ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் போதும், அடுத்து வருகிற எழுத்தர் அங்கிருந்து தொடர்வார். டெபியன் தளத்தில் நடப்பதும் அதுவே. ஒருவர் போனாலும், வேலை எங்கே நிற்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியும்.

1997-ல் டெபியன் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. குறைகளை மறைக்கமாட்டோம் என்பது அதன் வாக்குறுதிகளில் ஒன்று. அனாதைப் பட்டியலையும், 'ஆள் போதவில்லை' என்ற வேண்டுகோளையும், 'இது பழைய பக்கம்' என்ற எச்சரிக்கையையும் அந்த வாக்குறுதியின் நடைமுறையாகவே நான் பார்க்கிறேன்.

இன்று இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்கி, அதற்குத் தளமும் செய்திமடலும் திட்டமிட்டால், முதலில் நிறத்தையும் சின்னத்தையும்தான் பேசுவார்கள். பேசட்டும். கூடவே இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இதை எழுதுபவர் ஆறு மாதம் வராவிட்டால் அடுத்தவர் எங்கிருந்து தொடங்குவார்? படிப்பவருக்கு இது பழையது என்று எப்படித் தெரியும்? இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு முதல் இதழுக்குத் தேதி குறிக்கலாம்.