கணக்குக் கேட்காத முதிசம்

கரவனெல்லயில் எங்கள் மூத்தவாப்பா விட்டுச்சென்றது ஆறு ஏக்கர் இறப்பர்க் காணி. அவர் மௌத்தான பின் பெரிய மாமா அதைப் பார்த்துவந்தார். வெட்டிய பட்டை ஆறுமுன்னே மறுபடி பால் வெட்டினார்கள். மறுநடுகை செய்தால் ஆறேழு வருடம் வருமானமில்லை என்று அதையும் தள்ளிப்போட்டார்கள். "காக்காக்கிட்டக் கணக்குக் கேக்கவா?" என்று உம்மா இருந்துவிட்டார்.

இப்படி இருந்துவிட்ட வாரிசுகளுக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது என்று பின்னாளில் தேடினேன்.

முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கென ஆங்கிலேயர் 1806இல் ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டனர். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைக் கண்டி மாகாணங்களுக்கும் விரித்தது. எங்கள் பகுதிக்கு அது வந்தது அப்படித்தான். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், மரண சாசனமின்றி இறந்தவரின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படி பங்காகும் என்றது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. அந்த ஒன்றைக் கைக்குக் கொண்டுவரும் வழி பொதுச் சட்டத்தில் இருக்கிறது.

நீதிமன்றம் நியமித்த நிர்வாகியானால், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி அவர் சொத்து விபரமும் 12 மாதத்துள் இறுதிக் கணக்கும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வாரிசு மாவட்ட நீதிமன்றம் செல்லலாம். அவரது நியமனத்தை இரத்துச் செய்யவும் மன்றுக்கு அதிகாரமுண்டு. எங்கள் வீட்டைப்போல நியமனமே இல்லாமல் ஒருவர் ஆளும் காணியில், வருமானத்தில் தன் பங்கைக் கேட்டு வழக்கிடலாம். அதுவும் போதாதென்றால் பாகப்பிரிவினை. 1863இலிருந்து இதற்குத் தனிச்சட்டம் உண்டு. இன்றுள்ளது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். எவ்வளவு சிறிய பங்காளியும் இவ்வழக்கைத் தொடரலாம்.

1871ஆம் ஆண்டுச் சட்டம் 10 வருட எதிராட்சிக்கு உரித்துக் கொடுக்கிறது. அப்படியானால் சகோதரிகள் பங்கு போயிற்றா? கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் 1911இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: ஒரு பங்காளி ஆள்வது எல்லாப் பங்காளிக்காகவும் ஆள்வதே, மற்றவரை விலக்கியது தெரியவந்தாலன்றிக் காலம் ஓடாது. ஆனால் 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியான் வழக்கில் நம் உயர் நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. நெடுங்காலத் தனியாட்சியோடு வேறு சூழ்நிலைகளும் சேர்ந்தால், விலக்கல் நடந்ததென்றே ஊகிக்கலாம். கேட்காதிருந்தவருக்கு ஆபத்து அங்கேதான்.

மாமா கெட்டவரல்லர். கணக்கு எழுதும் பழக்கம் அவருக்கில்லை. கேட்கும் பழக்கம் எங்களுக்கில்லை. அவர் மௌத்தான பின் அவர் பிள்ளைகள் அதை "வாப்பாட தோட்டம்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உம்மாவின் பங்கைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

வருடத்துக்கொரு தாளில் வரவு செலவெழுதி எல்லா வாரிசுகளும் ஒப்பமிட்டிருந்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்காது. உறவும் கெட்டிருக்காது.